திரை விழுந்தது கண்ணில், அடைப்பு இருப்பது கழுத்தில்

காலை பத்து மணி. மலேசியாவின் சுங்கை சிப்புட் சந்தைப் பக்கம் ஓர் ஒட்டுக்கடை. எழுபதைத் தொடப்போகும் பெரியவர் ஒருவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்க்கிறார். இடது கண்ணில் மேலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை இறங்குகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, கண் சிவக்கவும் இல்லை. துண்டு நுனியால் கண்ணைக் கசக்குகிறார். தே தாரிக் ஆறுவதற்குள் திரை தானாக மேலே ஏறிவிடுகிறது. "தூசி விழுந்துடுச்சு போல" என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குப் போகிறார். அடுத்த வாரம் கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்கிறார்.

தோட்டத்து ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கும் கதைதான் இது. அவர் செய்தது எல்லாமே யாரும் செய்யக்கூடியவை. ஆனால் அதில் ஒன்றுகூடச் சரியில்லை. கசக்கியது, மோட்டார் ஓட்டியது, கண்ணாடிக் கடைக்குப் போனது, எல்லாவற்றையும்விட ஒரு வாரம் தள்ளிப்போட்டது. ஐந்து நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டதே என்ற நிம்மதிதான் இந்த நோயில் ஆளை ஏமாற்றுகிறது.

கழுத்தின் இரு பக்கமும் மேலேறும் பெரிய ரத்தக்குழாய்க்குக் கரோட்டிட் தமனி என்று பெயர். குரல்வளை மேட்டின் மேல் விளிம்புக்கு ஏறக்குறைய நேராக அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது, மற்றொன்று மூளைக்கு. மூளைக்குப் போகும் கிளை மண்டை ஓட்டுக்குள் நுழைந்ததும் பிரித்துக் கொடுக்கும் முதல் முக்கியக் கிளை கண்ணுக்குரியது. அதிலிருந்து இன்னும் சின்னதாக ஒரு குழாய் விழித்திரைக்குள் போகிறது. அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். கழுத்துக் குழாய் பிரியும் அந்த முக்கில் ரத்தம் சுழன்று ஓடுவதால், கொழுப்பும் சுண்ணாம்பும் அங்கேதான் முதலில் படியும். பழைய லயத்து வீடுகளின் இரும்புப் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். துரு பிடித்திருப்பது தெருவோரத்துப் பெரிய பைப்பில். அதிலிருந்து உதிரும் செதில் போய் அடைப்பதோ சமையலறைக் குழாயின் வாயை. குழாய் வாயை மட்டும் கழற்றிக் கழுவினால் அன்றைக்குத் தண்ணீர் வரும், மறுநாள் அடுத்த செதில் வரும்.

படிவிலிருந்து உதிர்ந்த துணுக்கு விழித்திரைக் குழாயில் சிக்கி, பிறகு உடைந்து நகர்ந்துவிட்டால், அந்தச் சில நிமிடத் திரைதான் மிச்சம். நகராமல் அங்கேயே நின்றுவிட்டால் அந்தக் கண்ணின் பார்வை போய்விடும். அதே துணுக்கு கண்ணுக்குத் திரும்பாமல் நேரே மேலே போயிருந்தால் பக்கவாதம். கண்ணுக்கு வந்தது ஒரு வகையில் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லலாம், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்பவருக்கு.

1961-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் ஹாலன்ஹார்ஸ்ட் என்ற கண் மருத்துவர், இப்படிச் சிக்கிய கொழுப்புத் துணுக்குகளை விழித்திரையில் பார்த்து விவரித்தார். குழாய் கிளை பிரியும் இடத்தில் மஞ்சளாக மினுமினுக்கும். இன்றும் அவர் பெயரால்தான் அவற்றை அழைக்கிறார்கள். கண்மணியை மருந்து விட்டு விரித்துப் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசிக்கவைத்து லென்ஸ் மாற்றும் சோதனையில் இது அகப்படாது. அது கடைக்காரரின் குற்றமில்லை, அந்தச் சோதனையின் வேலையே வேறு.

திரை விழும் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? முதலில் கசக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், தொடங்கிய நேரம் மனதில் இருக்கட்டும். பிறகு ஒரு கையால் இடது கண்ணை மூடி வலது கண்ணால் பாருங்கள், அடுத்து மாற்றி மூடிப் பாருங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான், அப்போது சோதிக்காமல் விட்டவர் பிறகு எவ்வளவு யோசித்தாலும் பதில் வராது. ஒரு கண்ணில் மட்டும் இருட்டு என்றால் கோளாறு அந்தக் கண்ணிலோ அந்தப் பக்கத்துக் கழுத்திலோ இருக்கிறது. எந்தக் கண்ணை மூடினாலும் எதிரில் இருப்பவர் முகத்தில் அதே பாதி தெரியவில்லை என்றால் கோளாறு மூளையின் பின்பக்கத்தில். பலர் "இடது கண்ணு தெரியல" என்று சொல்வது உண்மையில் இரண்டு கண்ணிலும் இடது பாதி தெரியாமல் போவதைத்தான். பக்கத்தில் பேரப்பிள்ளை இருந்தால், "தாத்தா, இந்தக் கண்ண மூடுங்க, இப்ப என் முகம் முழுசாத் தெரியுதா?" என்று அதுவே கேட்டுவிடலாம். பத்து வயதுப் பிள்ளை செய்யக்கூடிய சோதனைதான்.

அதோடு இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். இதில் பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. இடது கழுத்துக் குழாய் இடது கண்ணுக்கு ரத்தம் தருகிறது, ஆனால் மூளையின் இடது பாதி ஆள்வது உடம்பின் வலது பக்கத்தை. எனவே இடது கண்ணில் திரை, வலது கையில் மரமரப்பு என்று மாறி வந்தால் அது இடது கழுத்தை நேராகவே காட்டிக்கொடுக்கிறது. கனடாவின் நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1950-களின் தொடக்கத்தில் கழுத்துக் குழாயையும் பக்கவாதத்தையும் இணைத்துக் காட்டியபோது, இந்த மாறிய பக்கம்தான் அவருக்கு முக்கியத் தடயம். "ஒரு நாள் கண்ணு, இன்னொரு நாள் எதிர்ப்பக்கக் கை, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல" என்று வீட்டில் பேசிக்கொள்வது அதனால்தான் ஆபத்து.

பார்வை திரும்பிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனை. மோட்டார் ஓட்டக்கூடாது, வேறு யாராவது காரில் கூட்டிப்போகட்டும். கை, முகம், பேச்சு என ஏதாவது சேர்ந்துகொண்டாலோ, பார்வை திரும்பாமல் இருட்டாகவே நின்றாலோ 999. நிரந்தர அடைப்பில் விழித்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. குரங்குகளில் செய்த சோதனைகளில் 97 நிமிடம்வரை அடைத்தபோது நிலையான சேதம் இல்லை, 240 நிமிடத்தில் விழித்திரை பெரும்பாலும் செத்துவிட்டது. "நாளைக்குக் காலையில கிளினிக் திறக்கட்டும்" என்பதற்கு இதில் இடமே இல்லை.

அவசரப் பிரிவில் இன்னொரு சிக்கல். போய்ச் சேரும்போது கண் நன்றாகத் தெரிகிறது, வலி இல்லை, நடந்தே வருகிறார். வாசலில் தரம் பிரிப்பவர் "கண்ணு மங்கல்" என்று எழுதி, அவசரமில்லாதவர்களுக்கான பச்சைப் பகுதியில் உட்காரவைத்துவிட வாய்ப்பு அதிகம். எனவே சொல்லும் வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். மலாயில் சொல்வதானால்: "மாத்தா கிரி திபா-திபா கெலாப், லிமா மினிட், தா சாகிட், லெபாஸ் இத்து பாய்க் செமுலா." இடது கண் திடீரென்று இருண்டது, ஐந்து நிமிடம், வலியில்லை, பிறகு சரியாகிவிட்டது. வலது கண் என்றால் 'கிரி'க்குப் பதில் 'கானான்'. இதோடு இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு, சிகரெட், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைச் சொல்லி, "இது சின்ன ஸ்ட்ரோக்கா என்று பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 'கண் மங்குது' என்று மட்டும் சொன்னவர் கண் கிளினிக்குக்கு ஒரு தேதியோடு திரும்புவார், 'ஐந்து நிமிடம் இருண்டு திரும்பியது' என்று சொன்னவருக்கு அன்றைக்கே இசிஜி எடுப்பார்கள். மாத்திரைகளைப் பையோடு கொண்டுபோவது, பெயர் சொல்ல முயல்வதைவிட மேல். வீட்டிலிருந்தே ஆஸ்பிரின் விழுங்கிவிட்டுப் போகவேண்டாம். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்த்தபிறகு அவர்களே கொடுப்பார்கள்.

எல்லாத் திரையும் கழுத்திலிருந்து வருவதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் மிதந்து, பிறகு ஓரத்திலிருந்து ஏறும் திரை திரும்பப் போகவே இல்லை என்றால் விழித்திரை பிரிந்திருக்கலாம். இனிப்பு நீர்க்காரருக்கு ஒட்டடை போலவும் புகை போலவும் கண்ணுக்குள் மிதந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் இருபது, முப்பது நிமிடம் இரண்டு கண்ணிலும் பளபளத்து, பின்னாலேயே தலைவலி வந்தால் ஒற்றைத் தலைவலியின் முன்னோட்டம். கடும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வட்டம் என்றால் கண் அழுத்தம் ஏறியிருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் தலை சீவும்போது தோல் வலிப்பது, மெல்லும்போது தாடை நோவது, அதோடு பார்வை இருண்டு இருண்டு வருவது என்றால் தலைப்பக்கத் தமனி அழற்சி. நம் ஆட்களிடம் அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஸ்டெராய்டு அன்றைக்கே தொடங்க வேண்டும், தாமதித்தால் மற்றக் கண்ணும் போகும். இவை எல்லாவற்றுக்குமே கண் மருத்துவர் அவசரமாகத் தேவை.

திடீரென்று வராமல் மெல்ல மெல்லக் கெடுக்கும் வகை ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். கழுத்துக் குழாய் 90 விழுக்காட்டுக்கு மேல் அடைத்துக்கொண்டால் கண் எப்போதும் அரைப்பட்டினியில் கிடக்கும். செம்பனை நிழலிலிருந்து வெயிலுக்கு வந்ததும் ஒரு கண்ணில் மட்டும் எல்லாம் வெள்ளையாகப் பளிச்சிட்டு, பார்வை சரியாக நெடுநேரம் எடுக்கும். மற்றவருக்குச் சில வினாடியில் பழகிவிடும் வெயில் இவருக்கு நிமிடக்கணக்கில் பழகாது. காரணம் எளிது. வெளிச்சம் பட்ட விழித்திரைக்கு வேலை கூடுகிறது, கூடுதல் ரத்தம் வேண்டும், குழாயில் அது இல்லை. புருவத்துக்கு மேல் மந்தமான வலி இருக்கும், படுத்தால் குறையும். வயிறு நிறையச் சாப்பிட்டபின் பார்வை மங்குவதாகச் சிலர் சொல்வார்கள். ரத்தம் குடலுக்குப் போனதும் கண்ணுக்கு இன்னும் குறைகிறது. ஆண்களுக்கு இது பெண்களைவிட இரு மடங்கு வருகிறது, பெரும்பாலும் அறுபதுகளில்.

இந்த நிலையை 'இனிப்பு நீர்க் கண்' என்றே எழுதிவைப்பது வழக்கமான பிழை. விழித்திரையில் ரத்தப் புள்ளிகள் இந்த இரண்டு நோயிலும் இருக்கும். ஆனால் இனிப்பு நீர் இரண்டு கண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கும். ஒரு கண் மோசம், மற்றது நன்றாக இருக்கிறது என்றால் மோசமான கண்ணின் பக்கத்துக் கழுத்தைப் பார்க்க வேண்டும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) வருடம் ஒரு முறை எடுக்கும் கண் பின்புறப் படத்தில், "ரெண்டு கண்ணும் ஒரே மாதிரியா இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நம்மவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இந்தியர்களில் மட்டும் அது 31.4.

பட்டினி நீண்டால், கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரைமேல் புதுக் குழாய்கள் முளைத்து, நீர் வடியும் வழியை அடைக்கும். வழக்கமாக இதில் கண் அழுத்தம் ஏறும். ஆனால் இங்கே நீர் சுரக்கும் பகுதிக்கே ரத்தம் குறைவு என்பதால் அழுத்தம் சாதாரணமாகவோ குறைவாகவோ கூடக் காட்டலாம். 'பிரஷர் நார்மல்' என்று திருப்பி அனுப்பிவிடுவது இதனால்தான். கழுத்து அடைப்பைச் சரிசெய்து ரத்தம் திரும்பிய பிறகு அழுத்தம் திடீரென்று ஏறுவதும் உண்டு, எனவே கழுத்து அறுவைக்கு முன்னும் பின்னும் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். கண்ணுக்குள் ஊசியும் லேசரும் அந்தப் புதுக் குழாய்களை வாட்டும், கழுத்தை அவை தொடாது. இந்த நிலை வந்தவர்களின் உயிரை எடுப்பது பெரும்பாலும் மாரடைப்புதான். ஆகவே இதயத்தையும் பார்க்காமல் கண்ணை மட்டும் பார்த்து அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்தது.

கழுத்தைப் பார்க்கும் சோதனை எளியது, வலி இல்லாதது. கழுத்தில் ஜெல் தடவி டாப்ளர் அல்ட்ராசவுண்ட். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் போதும். அறிக்கையில் பார்க்கவேண்டிய எண், மூளைக்குப் போகும் கிளையான உள் கழுத்துத் தமனியில் ரத்தம் பாயும் உச்ச வேகம். குழாய் குறுகக் குறுக வேகம் கூடும், தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் பீய்ச்சுவதுபோல. வினாடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு என்று கொள்வார்கள், 230-ஐத் தாண்டினால் 70 விழுக்காடு அல்லது அதற்கு மேல். ஏறக்குறைய முழுதாக அடைத்த குழாயில் வேகம் மறுபடி குறைந்துவிடும், அதை 'நார்மல்' என்று தவறாக வாசிக்கும் அபாயம் இருப்பதால் ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள். ஸ்டெத்தாஸ்கோப்பில் 'உஸ்' சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்து அடைப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாததும் இதே காரணத்தால்தான். இன்னொன்று, ஆசியர்களிடம் கழுத்தைவிட மண்டைக்குள் இருக்கும் குழாய்கள் குறுகுவது அதிகம். கழுத்து சுத்தம் என்றாலும் தேடல் அங்கே நின்றுவிடக்கூடாது. இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால் துணுக்கு இதயத்திலிருந்தும் வரும்.

அடைப்பு 70 விழுக்காட்டுக்கு மேல், அறிகுறியும் வந்துவிட்டது என்றால், குழாயைத் திறந்து படிவை வழித்தெடுப்பது பலன் தரும் என்று 1991-ல் வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. இரண்டு ஆண்டில் அந்தப் பக்கப் பக்கவாதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 விழுக்காடு, அறுவை செய்தவர்களில் 9. கண்ணில் மட்டும் அறிகுறி வந்தவருக்கு ஆபத்து, கை கால் இழுத்தவரின் ஆபத்தில் ஏறக்குறைய பாதி. அதனால் எல்லாக் கண் திரைக்கும் உடனே கத்தி வேண்டும் என்பதில்லை. 75 வயதுக்கு மேல், ஆண், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, முன்பே சின்ன ஸ்ட்ரோக் வந்திருக்கிறது என்று இவை சேரச்சேர அறுவையின் பக்கம் தராசு சாயும். செய்வதானால் அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. முழுதாக, 100 விழுக்காடும் அடைத்துவிட்ட குழாயைப் பொதுவாகத் திறப்பதில்லை.

அந்த இரண்டு வாரம்தான் தோட்டத்து ஊருக்குப் பெரிய சவால். இங்கிருந்து ஈப்போவுக்கு, அங்கிருந்து தேவைப்பட்டால் கோலாலம்பூருக்கு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கடிதம், ஒரு தேதி. பணம் பெரிய தடையில்லை. அரசாங்க வெளிநோயாளர் பிரிவில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. நழுவுவது நாள்தான். கடிதத்தில் அறிகுறி வந்த தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தேதி மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தால், "திரை விழுந்து இத்தனை நாள் ஆகிறது" என்று எண்ணைச் சொல்லி, அனுப்பிய மருத்துவரையே தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். டாப்ளர் அறிக்கையையும் சிடி வட்டையும் ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்திருப்பது ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

மருந்துகளில் ரத்தம் கட்டாமல் தடுக்க ஆஸ்பிரின், சிலருக்கு முதல் 21 நாள் கூடவே குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின் போன்றது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 1.8 mmol/L-க்குக் கீழே வரவேண்டும். ரிப்போர்ட்டில் '2.6, நார்மல்' என்று அச்சடித்திருந்தாலும் இவருக்கு அது நார்மல் இல்லை. கொதிப்பு மாத்திரையில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு பக்கக் கழுத்தும் கடுமையாகக் குறுகியவருக்கு அழுத்தத்தை வேகமாக இறக்கினால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். அப்படி நடந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை அளந்த எண்களை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், குறைத்தேன் என்பது கணக்கில் சேராது.

அறுவை முடிந்து வந்தவர்களுக்குத் தாடையோரமும் காதுமடலும் சில மாதம் மரத்திருக்கும். சவரக் கத்தி பட்டால் தெரியாது, மின்சார ரேசர் பாதுகாப்பு. முதல் சில வாரத்தில் அறுவை நடந்த பக்கம் கடும் தலைவலியோடு கொதிப்பு ஏறினால் அது சாதாரணத் தலைவலி இல்லை, மூளைக்குத் திடீரென்று கூடுதல் ரத்தம் பாய்கிறது. பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் உடனே திரும்பிப் போக வேண்டும்.

இன்னும் ஒன்று. கழுத்துக் குழாயில் படிவு இருப்பவர் கழுத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடச் சொல்லக்கூடாது. முடிதிருத்தும் கடையில் வேலை முடிந்ததும் தலையைப் பிடித்து இரு பக்கமும் 'டக், டக்' என்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதுவும் கூடாது. திடீர்த் திருப்பலில் குழாயின் உட்சுவர் கிழியலாம், படிவே இல்லாத இளம் வயதுக்காரருக்கும்கூட. பிறகு ஒரு பக்கம் கழுத்து வலித்து, அந்தப் பக்கத்து இமை தொங்கி, கண்மணி சிறுத்தால் நேரே அவசரப் பிரிவுதான். நாற்காலியில் உட்கார்ந்ததுமே "அண்ணே, கழுத்துத் திருப்பவேணாம்" என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தால், அவர் கை அதற்குள் தாடைக்கு வந்திருக்கும்.